பெருங்கொன்றுண்ணி டைனோசர்களின் உடலளவு: எலும்பு சொல்வது எவ்வளவு, நாம் சேர்ப்பது எவ்வளவு?

நெடுமரம்

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்காக ஒரு பெரிய சுவர்ப்படம் வரைந்துகொண்டிருக்கிறேன். டைரனோசாரஸ் ரெக்ஸ், ஜைகனோடோசாரஸ், ஸ்பைனோசாரஸ் ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலில் அருகருகே நிறுத்தி, ஒவ்வொன்றின் கீழும் அதன் நீளத்தையும் எடையையும் எழுத வேண்டும் என்பது திட்டம். வரைந்து முடித்துவிட்டேன். எண்களை எழுதப் போன இடத்தில் கை நின்றுவிட்டது.

'சூ' என்று அழைக்கப்படும் டைரனோசாரஸையே எடுத்துக்கொள்கிறேன். 1990இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்து, இன்று சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் நிற்கும் எலும்புக்கூடு அது. 2004இல் வந்த ஓர் ஆய்வில் அதன் எடை 5.6 டன். 2011இல் வந்த ஆய்வில் 9.5 டன். 2019இல் வந்ததில் ஏறத்தாழ 8.46 டன். எலும்புகள் அன்றும் இன்றும் அவையேதான். அப்படியிருக்க, ஏழே ஆண்டுகளில் நான்கு டன் எங்கிருந்து வந்து சேர்ந்தது? ஒரு மாணவர் இதைக் கேட்டால் நான் என்ன விடை சொல்வது? இவற்றுள் எதை எழுதினால் பொய் சொன்னதாகாது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கல்லடுக்கு

நண்பர் நெடுமரம், உங்கள் கை நின்ற இடம் சரியான இடம். பலரும் அந்த இடத்தில் நிற்காமல், கண்ணில் பட்ட முதல் எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதைபடிவம் நமக்கு எடையைத் தருவதில்லை. எலும்பைத் தருகிறது, அதுவும் பெரும்பாலும் முழுமையாக அல்ல. எலும்பிலிருந்து எடைக்குப் போக இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. முதல் வழி, உடலைத் தாங்கும் எலும்பு எவ்வளவு பருமன் என்று பார்ப்பது. இரண்டு கால்களில் நடந்த விலங்கென்றால் தொடை எலும்பின் தண்டில் மிக மெலிந்த இடத்தைக் கண்டு, அதைச் சுற்றி நாடாவால் அளக்கிறார்கள். இன்று வாழும் விலங்குகளில் இந்தச் சுற்றளவுக்கும் உடல் எடைக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால், அந்தத் தொடர்பைச் சூத்திரமாக்கி, மறைந்துபோன விலங்குக்கும் பொருத்துகிறார்கள்.

சூவின் தொடை எலும்புச் சுற்றளவு 580 மி.மீ. 1985இல் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் தந்த சூத்திரப்படி, இந்த எண்ணை 2.73 என்ற அடுக்குக்கு உயர்த்தி 0.16ஆல் பெருக்கினால் கிராமில் எடை வரும். ஒரு கணிப்பானை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், 5.6 டன் வரும். 2004ஆம் ஆண்டின் எண் இங்கிருந்து வந்ததுதான். பின்னர் கேம்பியோனேயும் எவன்ஸும் இன்று வாழும் இருநூறுக்கும் மேற்பட்ட நான்குகால் இனங்களை அளந்து 2012இல் புதிய தொடர்பு ஒன்றை வெளியிட்டார்கள். 2014இல் அதை இருகால் விலங்குகளுக்கு ஏற்பத் திருத்தினார்கள். அந்தத் திருத்தப்பட்ட சூத்திரத்தில் அதே 580ஐப் போட்டால் 8.46 டன் வருகிறது. ஆகவே 5.6க்கும் 8.46க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் எலும்புக்கு எந்தப் பங்கும் இல்லை. நாடா காட்டிய எண் ஒன்றுதான். அதன்மேல் ஏற்றிய கணக்குதான் மாறியது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவானில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட 'ஸ்காட்டி' என்ற டைரனோசாரஸைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானபோது, உலகிலேயே எடை மிகுந்த டைரனோசாரஸ் அதுதான் என்று செய்திகள் வந்தன. கொடுக்கப்பட்ட எடை 8.87 டன். அதன் தொடை எலும்புச் சுற்றளவு 590 மி.மீ. அதாவது சூவைவிட ஒரே ஒரு செ.மீ. கூடுதல். அந்த ஒரு செ.மீ.தான் 400 கிலோவாக மாறி, ஒரு விலங்கின் பட்டத்தை இன்னொன்றுக்குக் கொடுத்தது. அந்தச் சூத்திரத்தின் பிழை வரம்போ இரு பக்கமும் ஏறத்தாழ 25 விழுக்காடு. எனவே ஸ்காட்டி 6.6 டன்னிலிருந்து 11 டன் வரை எங்கும் இருந்திருக்கலாம்; சூ 6.3 டன்னிலிருந்து 10.6 டன் வரை இருந்திருக்கலாம். இரண்டு வரம்புகளும் ஏறக்குறைய முழுவதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துகிடக்கும்போது, ஒன்று மற்றொன்றைவிடக் கனமானது என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரிமணல்

அந்த ஒரு செ.மீ. பற்றி என் கைப்பட்ட அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன். பெரிய ஊனுண்ணி ஒன்றின் தொடை எலும்பின் வார்ப்பை அளக்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. எலும்புத் தண்டு குறுக்காக நான்கைந்து இடங்களில் உடைந்திருந்ததும், அந்த வெடிப்புகளில் நிரப்புப் பசை பூசப்பட்டிருந்ததும் வார்ப்பிலேயே தெளிவாகத் தெரிந்தன. நிரப்பிய இடம் விரல் நுனிக்கு வழுவழுப்பாகவும், உண்மையான எலும்பின் புறப்பரப்பு நுண்ணிய வரிகளோடு சற்றுச் சொரசொரப்பாகவும் இருந்தது. மிக மெலிந்த இடம் என்று நான் கருதியது ஒரு வெடிப்பின்மேல் விழுந்தது. நாடாவை அங்கே வைத்தால் ஓர் எண், இரண்டு விரல் தள்ளி வைத்தால் வேறோர் எண். மூன்று முறை அளந்து மூன்று விடைகள் பெற்றேன்; முதலுக்கும் கடைசிக்கும் இடையே 8 மி.மீ. வேறுபாடு.

இதோடு மண்ணின் அழுத்தத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறையின் கீழ்க் கிடந்த எலும்பு உருண்டையாகவே இருப்பதில்லை. சில நசுங்கித் தட்டையாகின்றன. சில வெடித்து, வெடிப்புக்குள் கனிமம் ஊறிப் பருத்துவிடுகின்றன. ஒரே விலங்கின் இடத் தொடை எலும்பும் வலத் தொடை எலும்பும் ஒரே அளவைத் தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலைமுகடு

அப்படியானால் இரண்டாவது வழிதானே மேலானது? முழு எலும்புக்கூட்டையும் லேசர் கொண்டு வருடி, கணினியில் அதன்மேல் தசையையும் தோலையும் போர்த்தி, பருமனைக் கணக்கிட்டுவிடலாமே. ஒற்றை எலும்பை நம்ப வேண்டிய தேவையே இல்லை.

கல்லடுக்கு

நெடுமரம் குறிப்பிட்ட 9.5 டன் அந்த வழியில் கிடைத்த எண்தான். 2011இல் ஹட்சின்சனும் குழுவினரும் சூ உள்ளிட்ட சில டைரனோசாரஸ் எலும்புக்கூடுகளை லேசரால் வருடி, அவற்றின்மேல் உடலை எழுப்பினார்கள். 9.5 டன் என்பது அவர்கள் சூவுக்குத் தந்த மெலிந்த உடலின் எடை. அதே எலும்புக்கூட்டின்மேல் தடித்த உடலை எழுப்பியபோது 18 டன்னையும் தாண்டியது. அந்த மேல் எல்லை இயல்பானது என்று அவர்களே கருதவில்லை; ஆனால் எலும்பு மட்டும் நம்மை எவ்வளவு தூரம் அலையவிடும் என்பதை அது நேர்மையாகக் காட்டியது.

முழு உடலை எழுப்பும்போது தீர்மானிக்க வேண்டியவை பல. விலா எலும்புகள் முதுகெலும்போடு எந்தக் கோணத்தில் இணைந்திருந்தன? அடுத்தடுத்த முள்ளெலும்புகளுக்கு இடையே குருத்தெலும்பு எவ்வளவு தடிமன்? வால் அடியிலிருந்து தொடைக்கு ஓடும் தசை எவ்வளவு பக்கவாட்டில் புடைத்திருந்தது? நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் உடலுக்குள் எவ்வளவு இடம் பிடித்தன? பறவைகளுக்கு இருப்பதுபோல் இந்த டைனோசர்களுக்கும் முள்ளெலும்புகளுக்குள்ளேயே காற்றறைகள் இருந்தன. ஆகவே உடலின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு என்பதில் ஐயமில்லை. எவ்வளவு குறைவு என்பதில்தான் ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்ணை எடுக்கிறார்கள்.

வயிற்று விலா எலும்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே, வயிற்றுத் தோலுக்கு அடியில் கூடைபோல் பின்னிக்கிடந்த மெல்லிய எலும்புகள் அவை. சூவோடு அவையும் கிடைத்திருந்தன என்றாலும், நீண்ட காலம் எலும்புக்கூட்டோடு சேர்த்து நிறுத்தப்படவில்லை. 2018இல் மறுபடி நிறுத்தியபோதுதான் அவற்றைப் பொருத்தினார்கள். அதுவரை ஒட்டிய வயிற்றோடு ஓடும் விலங்குபோல் தெரிந்த சூவின் தோற்றம், அவற்றைப் பொருத்தியவுடன் பீப்பாய் வயிறும் கனத்த நடையும் கொண்டதாக மாறியது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே விலங்கு என்று சொல்லத் தயங்குவீர்கள். வயிற்று விலா கிடைக்காத இனங்களுக்கு நாம் வரையும் வயிறு எவ்வளவு ஊகம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆயினும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. கேம்பியோனேயும் எவன்ஸும் 2020இல் இரு வழிகளிலும் வந்த மதிப்பீடுகளைப் பெருந்தொகையாக ஒப்பிட்டு, அவை பொதுவாக ஒன்றுக்கொன்று இசைந்தே போகின்றன என்று காட்டினார்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒரு விலங்குக்கு ஒரு வழியையும் மற்றொன்றுக்கு வேறொரு வழியையும் எடுத்து, கிடைத்த எண்களை அருகருகே நிறுத்தி ஒப்பிடாதீர்கள்.

தென்காற்று

இந்த இழையில் டைரனோசாரஸைப் பற்றியே பேச்சு போகிறது. தென்னமெரிக்காவின் பெருவிலங்குகளுக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஜைகனோடோசாரஸ் 1993இல் அர்ஜென்டினாவின் நியூக்கென் மாநிலத்தில் ரூபன் கரோலினி என்ற ஆர்வலரால் கண்டெடுக்கப்பட்டது. 1995இல் கோரியாவும் சால்காடோவும் அதற்குப் பெயரிட்டபோது, கண்டுபிடித்தவரின் நினைவாக இனப்பெயரைக் கரோலினியை என்று வைத்தார்கள். ஏறத்தாழ 70 விழுக்காடு எலும்புகள் கிடைத்தன. அவர்கள் தந்த தொடை எலும்பு நீளம் 1.43 மீட்டர். ஸ்காட்டியின் தொடை எலும்பே 1.33 மீட்டர்தான். அதோடு, அதே பகுதியில் கிடைத்த இன்னொரு கீழ்த்தாடைத் துண்டு, முதல் மாதிரியாகிய அந்த எலும்புக்கூட்டினுடையதைவிட 8 விழுக்காடு பெரியது என்று 1998இல் கால்வோவும் கோரியாவும் எழுதினார்கள். அந்த விலங்கின் மண்டையோட்டை 1.95 மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். டைரனோசாரஸின் பட்டம் அப்போதே பறிபோய்விட்டது என்பதுதான் என் கருத்து.

கல்லடுக்கு

தென்காற்று, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் நீளமான தொடை எலும்பு கனமான உடலுக்குச் சான்று ஆகாது. தொடையின் நீளம் காலடியின் வீச்சோடு தொடர்புடையது. உடலின் சுமையைத் தாங்குவது தண்டின் பருமன். உயரமான மெலிந்த தூணும் குட்டையான தடித்த தூணும் ஒரே சுமையைத் தாங்குவதில்லை அல்லவா? ஜைகனோடோசாரஸின் தொடை எலும்பு நீளமானது, ஆனால் சூவுடையதைவிட மெலிந்தது. அதே 2014ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் சூவைவிடக் குறைந்த எடைதான் கிடைக்கிறது.

உடற்பருமன் வழியிலும் விடை இதே திசையில்தான் வருகிறது. எலும்புக்கூட்டு ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற ஸ்காட் ஹார்ட்மன் 2013இல் இரண்டையும் ஒரே முறையில் வரைந்து கணக்கிட்டபோது சூவுக்கு 8.4 டன்னும் ஜைகனோடோசாரஸின் முதல் மாதிரிக்கு 6.8 டன்னும் கிடைத்தன. நீங்கள் குறிப்பிட்ட பெரிய தாடைக்குரிய விலங்கை அவர் 8.2 டன் என்று மதிப்பிட்டார். இரண்டையும் ஒரே கை, ஒரே முறையில் வரைந்தது என்பதால் இந்த ஒப்பீட்டை நான் மதிக்கிறேன்.

அந்தத் தாடைத் துண்டின் கணக்கையும் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். தாடை 8 விழுக்காடு பெரியது என்றால் உடல் முழுவதும் அதே விகிதத்தில் பெரியது என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 8 விழுக்காடு கூடினால் எடை 26 விழுக்காடு கூடும். அதாவது தாடைத் துண்டில் நாம் செய்யும் சிறு பிழை எடையில் மூன்று மடங்காகப் பெருகி நிற்கும். தாடை மட்டும் பெரிதாக அமைந்த ஒரு விலங்காக அது இருந்திருந்தால் மொத்தக் கணக்கும் சரிந்துவிடும். மண்டையோட்டு நீளமும் இப்படிப்பட்டதே. முதல் மாதிரியின் மண்டையோடு முழுமையாகக் கிடைக்கவில்லை; 1995இல் 1.53 மீட்டர் என்று மதிப்பிட்டதைப் பின்னர் 1.80 மீட்டர் என்று உயர்த்தினார்கள். நீங்கள் சொன்ன 1.95 அந்த 1.80இன்மேல் 8 விழுக்காட்டை ஏற்றியதால் வந்தது. மதிப்பீட்டின்மேல் மதிப்பீடு.

2022இல் பெயரிடப்பட்ட மெராக்ஸெஸ் இந்த இடத்தில் பெரிய உதவி செய்திருக்கிறது. ஜைகனோடோசாரஸின் நெருங்கிய உறவான அந்த விலங்குக்கு மண்டையோடும் கை கால்களும் நன்றாகக் கிடைத்துள்ளன. மண்டையோடு 1.27 மீட்டர், எடை 4 டன்னுக்குச் சற்று மேல். இந்தக் குடும்பத்தின் உடல் விகிதங்களை இனி ஊகிக்காமல் பார்த்தே எழுதலாம்.

தென்காற்று

சுற்றளவு பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். நீளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தது என் தவறு. ஆனால் ஒன்றை நீங்கள் அனைவரும் கடந்துபோகிறீர்கள். டைரனோசாரஸ் மாதிரிகள் சில டசன்கள் கிடைத்திருக்கின்றன. நூற்றாண்டுக்கு மேலாக, 1902இல் பார்னம் பிரௌன் மொன்டானாவில் தோண்டிய நாளிலிருந்து, தேடித் தேடி எடுத்தவை அவை. அவற்றுள் மிகப் பெரிய இரண்டை, சூவையும் ஸ்காட்டியையும், பொறுக்கி எடுத்து, ஒரே ஓர் எலும்புக்கூடும் ஒரு தாடைத் துண்டும் மட்டுமே கிடைத்த ஜைகனோடோசாரஸோடு மோதவிடுகிறீர்கள். ஓர் ஊரின் மிக உயரமான மனிதரை, இன்னோர் ஊரின் தெருவில் முதலில் எதிர்ப்பட்டவரோடு நிறுத்தி, இந்த ஊர்க்காரர்களே உயரமானவர்கள் என்று தீர்ப்புச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கல்லடுக்கு

வேறுபாடு எதுவும் இல்லை. இந்த இழையில் இதுவரை சொல்லப்பட்டவற்றுள் மிகக் கனமான வாதம் இதுதான், என் முதல் பதிவிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். நாம் ஒப்பிடுவது இனங்களை அல்ல, தற்செயலாகக் கல்லாகி, தற்செயலாகக் கண்ணில்பட்ட தனி விலங்குகளை.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். டைரனோசாரஸ் இனம் வாழ்ந்த காலம் முழுவதும் ஏறத்தாழ 250 கோடி விலங்குகள் தோன்றி மறைந்திருக்கும் என்று மார்ஷலும் குழுவினரும் 2021இல் மதிப்பிட்டார்கள். அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து நம் கைக்கு வந்தவை சில டசன்கள். மாலனும் ஹோனும் 2024இல் கணினியில் 14 கோடி டைரனோசாரஸ்களைக் கற்பனையாக உருவாக்கி, அவற்றுள் மிகப் பெரியது எவ்வளவு இருக்கக்கூடும் என்று பார்த்தார்கள். இன்று நம்மிடம் உள்ள மிகப் பெரிய மாதிரியைவிட 70 விழுக்காடு வரை கூடுதல் எடை, அதாவது 15 டன் அளவு இருந்திருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. அப்படிப்பட்ட ஒன்று கல்லாகி நம் கையில் கிடைப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

ஜைகனோடோசாரஸுக்கும் அத்தகைய பேருருவங்கள் இருந்திருக்கும். அதன் முதல் மாதிரி தன் இனத்தில் நடுத்தரமானதா, பெரியதா, சிறியதா என்பதற்கு நம்மிடம் விடை இல்லை. அதனால்தான் நான் 'டைரனோசாரஸ் பெரியது' என்று எழுதுவதில்லை. 'இதுவரை கிடைத்த டைரனோசாரஸ்களில் பெரியவை, இதுவரை கிடைத்த ஜைகனோடோசாரஸைவிடக் கனமானவை' என்று எழுதுகிறேன். வாக்கியம் நீண்டுபோகிறது, ஆனால் உண்மையிலிருந்து விலகாமல் நிற்கிறது.

வரிமணல்

தென்னமெரிக்காவில் ஒரே இடத்தில் பல விலங்குகள் கிடைத்த நிகழ்வும் உண்டு என்பதை நினைவூட்டுகிறேன். ஜைகனோடோசாரஸின் உறவான மாபுசாரஸை 2006இல் கோரியாவும் கரியும் விவரித்தபோது, ஒரே எலும்புப் படுகையில் குறைந்தது ஏழு விலங்குகளின் எலும்புகள் இருந்தன. வெவ்வேறு வளர்ச்சி நிலையிலிருந்தவை அவை. ஆனால் எலும்புகள் அனைத்தும் கலந்து சிதறிக்கிடந்ததால், இந்தத் தாடை எந்தத் தொடைக்குரியது என்று சேர்க்க முடியவில்லை. எண்ணிக்கை கிடைத்தது, முழு உடல் கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் எத்தனை முறை இந்தப் படுகையின் வரைபடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அலைமுகடு

ஸ்பைனோசாரஸைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். 18 மீட்டர் என்று படித்த நினைவு இருக்கிறது. நீளத்தில் அதற்கு இணை உண்டா?

வரிமணல்

ஸ்பைனோசாரஸின் கதையை வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. எகிப்தின் பஹாரியா பாலைவனச் சோலையில் 1912இல் ரிச்சர்ட் மார்க்கிராஃப் எடுத்த எலும்புகளை வைத்து எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் அதற்குப் பெயரிட்டார். முதுகின் முள்ளெலும்புகளிலிருந்து எழுந்த முட்களில் மிக நீளமானது 1.65 மீட்டர். மியூனிக் நகரத்து அருங்காட்சியகத்தில் இருந்த அந்த எலும்புகள் 1944 ஏப்ரல் 24ஆம் நாள் இரவு நடந்த குண்டுவீச்சில் முற்றிலும் அழிந்தன. ஸ்ட்ரோமரின் விவரிப்பும், ஓவியங்களும், சில புகைப்படங்களுமே எஞ்சின. எனவே அந்த மாதிரியின்மேல் இனி யாராலும் நாடாவை வைக்க முடியாது.

நீங்கள் படித்த 18 மீட்டர் 2005இல் வந்தது. மொராக்கோவில் கிடைத்து மிலான் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு முகவாய்த் துண்டை, அதாவது மூக்கும் மேல்தாடையும் சேர்ந்த முன்முகப் பகுதியை, டால் சாஸ்ஸோவும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். துண்டின் நீளம் 98.8 செ.மீ. அதிலிருந்து உறவு இனங்களின் மண்டையோட்டு விகிதத்தைக் கொண்டு முழு மண்டையோடு 1.75 மீட்டர் இருக்கும் என்றார்கள். பிறகு உறவு இனத்தின் உடல் விகிதத்தைக் கொண்டு 16 முதல் 18 மீட்டர் நீளமும் 7 முதல் 9 டன் எடையும் இருக்கும் என்றார்கள். படிக்குப் படி கடன் வாங்கிய விகிதங்கள். கடன் கொடுத்த விலங்குக்கும் ஸ்பைனோசாரஸுக்கும் உடலமைப்பு ஒன்றுபோல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

நிற்கவில்லை என்பது 2014இல் தெரிந்தது. மொராக்கோவின் கெம் கெம் பகுதியில் கிடைத்த, முழுவளர்ச்சி பெறாத ஒரு விலங்கின் எலும்புகளை இப்ராஹிமும் குழுவினரும் வெளியிட்டபோது, அதன் பின்னங்கால்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குட்டையாக இருந்தன. 2020இல் அதே விலங்கின் வால் வெளியானது. துடுப்புபோல் உயர்ந்து தட்டையான வால், அதுவரை யாரும் வரையாதது. 2022இல் செரினோவும் குழுவினரும் இவற்றையெல்லாம் சேர்த்து முழுவளர்ந்த விலங்கின் நீளத்தை 14 மீட்டர் என்றும் எடையை 7.4 டன் என்றும் மதிப்பிட்டார்கள். நீளத்தில் இது சூவின் 12.3 மீட்டரைத் தாண்டுகிறது என்பது உண்மை. எடையில் தாண்டுகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

கல்லடுக்கு

வரிமணல் சொன்னதோடு இரண்டு வரிகள். 2007இல் மண்டையோட்டு நீளத்தை மட்டும் வைத்து எடை கணக்கிட்ட ஓர் ஆய்வில் ஸ்பைனோசாரஸுக்கு 20 டன்னுக்கு மேலும், ஜைகனோடோசாரஸுக்கு 13.8 டன்னும் வந்தன. நீண்டு குறுகிய முகவாய் கொண்ட விலங்கில் மண்டையோட்டு நீளம் உடலைப் பற்றி எவ்வளவு தவறாகப் பேசும் என்பதற்கு இதுவே சான்று. ஜைகனோடோசாரஸுக்கு இதுவரை அச்சில் வந்த எடைகள் 4.2 டன்னிலிருந்து 13.8 டன் வரை பரந்து கிடக்கின்றன. எண்ணை மட்டும் எடுத்து, அது வந்த வழியை விட்டுவிட்டால், இந்தப் பரப்புக்குள் விருப்பப்பட்ட எதையும் நிறுவிவிடலாம்.

ஸ்பைனோசாரஸில் தொடைச் சுற்றளவுச் சூத்திரத்தையும் நான் தயக்கத்தோடுதான் பார்ப்பேன். அதன் கால் எலும்புகள் உட்குழிவு இல்லாமல் கெட்டியாக நிறைந்திருந்தன. நீரில் வாழும் விலங்குகளில் காணும் பண்பு அது. தரையில் நடப்பவற்றிலிருந்து பெற்ற தொடர்பு அதற்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடலின் அடர்த்தியையும் அதற்கு ஏற்ப மாற்றித்தான் கணக்கிட வேண்டும்.

அலைமுகடு

விளக்கத்திற்கு நன்றி. மூன்றும் நேருக்கு நேர் மோதினால் எது வெல்லும் என்று கேட்க நினைத்திருந்தேன்.

நெறியாளர்

அந்தக் கேள்வியை இந்த இழையில் எடுக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஸ்பைனோசாரஸும் ஜைகனோடோசாரஸும் வாழ்ந்து மறைந்து ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகள் கழிந்த பிறகே டைரனோசாரஸ் தோன்றியது. அளவைப் பற்றி மட்டும் தொடர்வோம்.

நெடுமரம்

இரண்டு நாள்களாக அனைத்தையும் மீண்டும் மீண்டும் படித்தேன். சுவர்ப்படத்தை மாற்றி வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு விலங்கின் கீழும் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு பட்டை வருகிறது. குறைந்த மதிப்பீட்டிலிருந்து கூடிய மதிப்பீடு வரை. டைரனோசாரஸுக்கும் ஜைகனோடோசாரஸுக்கும் ஒரே வழியில் வந்த எண்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன். சூவின் பட்டையும் ஸ்காட்டியின் பட்டையும் ஒன்றின்மேல் ஒன்று படிவதைப் பார்த்தாலே, ஏன் பட்டம் கொடுக்கவில்லை என்பது மாணவர்களுக்குப் புரிந்துவிடும் என்று நம்புகிறேன். எத்தனை மாதிரிகள் கிடைத்துள்ளன என்பதையும் ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். தென்காற்று கேட்ட கேள்விக்கு என்னால் செய்ய முடிந்தது அது.

உடலைச் சாம்பல் நிறத்தில் வரைந்து, உண்மையில் கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் வெள்ளை நிறம் தந்திருக்கிறேன். சூவின் உடலில் பெரும்பகுதி வெள்ளையாக இருக்கிறது. ஸ்பைனோசாரஸில் ஒரே விலங்கின் எலும்புகளை மட்டும் காட்டாமல், ஸ்ட்ரோமருடையது, மிலான் முகவாய், கெம் கெம் விலங்கு ஆகிய மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

வரிமணல்

மிக நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன். ஸ்பைனோசாரஸில் மூன்று மூலங்களையும் ஒரே வெள்ளையில் காட்டினால், மூன்று விலங்குகள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருப்பது மாணவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். மிலான் முகவாய்க்கும் கெம் கெம் விலங்குக்கும் வெவ்வேறு வண்ணங்கள் கொடுங்கள். ஸ்ட்ரோமரின் எலும்புகளுக்கு நிறம் நிரப்ப வேண்டாம். வெறும் கோட்டால் மட்டும் வரையுங்கள். அவை இன்று கோட்டோவியமாகத்தான் இருக்கின்றன.

நெடுமரம்

செய்துவிட்டேன். முதுகுமுட்கள் எல்லாம் கோடுகளாகிவிட்டன.